அமெரிக்க ஏகாதிபத்தியமும் முற்போக்குச் சீர்திருத்தமும்

அமெரிக்க ஏகாதிபத்தியமும் முற்போக்குச் சீர்திருத்தமும் என்பவை 1890களுக்கும் முதலாம் உலகப் போருக்கும் இடைப்பட்ட காலத்தில் ஐக்கிய அமெரிக்காவில் ஒருங்கே வளர்ந்த இரு போக்குகள் ஆகும். முதலாவது, கரிபியன் கடலிலும் பசிபிக் பெருங்கடலிலும் பிற மக்களின் நிலங்களைக் கைப்பற்றி ஆண்டது. இரண்டாவது, நாட்டுக்குள் பெருநிறுவனங்களின் ஆதிக்கம், நகராட்சி ஊழல், குழந்தைத் தொழில், கலப்பட உணவு ஆகியவற்றுக்கு எதிராகச் சட்டங்களை உருவாக்கியது. பாடநூல்கள் இவ்விரண்டையும் வெவ்வேறு அத்தியாயங்களில் வைப்பது வழக்கம். ஆனால் இரண்டிலும் ஈடுபட்டவர்கள் பல இடங்களில் ஒரே மனிதர்கள். உள்நாட்டில் மக்களின் குரலுக்கு வழி திறந்தவர்களே கடல் கடந்த மக்களின் சம்மதம் தேவையில்லை என்று வாதிட்டதும், அதற்கு அவர்கள் கூறிய காரணமும் இக்கட்டுரையில் முதன்மையாக விளக்கப்படுகின்றன. பிலிப்பைன்ஸ் இதற்கான தலையாய எடுத்துக்காட்டு ஆகும்.

சொற்பொருள்

தமிழில் 'முற்போக்கு' என்ற சொல் பெரும்பாலும் இடதுசாரிச் சிந்தனையைக் குறிக்கும். அமெரிக்க வரலாற்றில் 'முற்போக்குக் காலம்' என்பது அவ்வாறானது அன்று. இதில் ஈடுபட்டோர் பெரும்பாலும் நடுத்தர வகுப்பைச் சேர்ந்த படித்தவர்கள். முதலாளியத்தை ஒழிக்க விரும்பியவர்கள் அல்லர், அதனை ஒழுங்குபடுத்த விரும்பியவர்கள். வல்லுநர்களின் அறிவும் வலுவான அரசும் சேர்ந்தால் சமூகத்தைத் திருத்தலாம் என்பது இவர்களின் நம்பிக்கை. குடியரசுக் கட்சி, மக்களாட்சிக் கட்சி இரண்டிலும் இவர்கள் இருந்தனர்.

'ஏகாதிபத்தியம்' என்ற சொல்லை அக்கால ஆதரவாளர்கள் விரும்பவில்லை. அவர்கள் 'விரிவாக்கம்' என்றே கூறினர். எதிர்த்தவர்களே ஏகாதிபத்தியம் என்றனர்.

பின்னணி

1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பின்னர், மேற்கே இனித் தொடர்ச்சியான எல்லைக்கோடு இல்லை என்று அமெரிக்க அரசு அறிவித்தது. பழங்குடி மக்களின் நிலங்கள் ஏறத்தாழ முழுவதும் கைப்பற்றப்பட்டுவிட்டன என்பதே இதன் பொருள். 1893இல் வரலாற்றாளர் பிரடெரிக் ஜாக்சன் டர்னர், அமெரிக்க மக்களாட்சியை உருவாக்கியது இந்த நகரும் எல்லையே என்று வாதிட்டார். எல்லை முடிந்துவிட்டால் அடுத்து என்ன என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. கடற்படை அதிகாரி ஆல்பிரட் மகான் 1890இல் வெளியிட்ட நூல், வணிகமும் கடற்படையும் அவற்றுக்கு வேண்டிய தளங்களுமே வல்லரசின் அடிப்படை என்றது. 1893இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி வேலையின்மையையும் வேலைநிறுத்தங்களையும் கொண்டுவந்தது. உற்பத்தி மிகுந்துவிட்டது, வெளிநாட்டுச் சந்தை வேண்டும் என்று தொழிலதிபர்கள் பேசத் தொடங்கினர்.

சீர்திருத்த இயக்கத்துக்கும் இதே வீழ்ச்சி உரமாயிற்று. எண்ணெய், எஃகு, தொடருந்து ஆகிய துறைகளில் 'டிரஸ்ட்' எனப்பட்ட பெருங்கூட்டு நிறுவனங்கள் போட்டியை விழுங்கிக்கொண்டிருந்தன. சிக்காகோ, நியூயார்க் போன்ற நகரங்களில் குடியேறிய தொழிலாளர்கள் நெரிசலான அடுக்குக் குடியிருப்புகளில் வாழ்ந்தனர்.

1893 சனவரியில் ஹவாயில் அமெரிக்கக் கரும்புத் தோட்ட நலன்களோடு தொடர்புடைய ஒரு குழு, அமெரிக்கக் கடற்படையினர் கரையிறங்கியிருந்த சூழலில், அரசி லிலியுகலானியின் ஆட்சியைக் கவிழ்த்தது. அன்று உடனடியாக இணைப்பு நிகழவில்லை. 1898 சூலையில், கீழ்க்கண்ட போரின் நடுவே, ஹவாய் ஐக்கிய அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டது.

1898ஆம் ஆண்டுப் போர்

ஸ்பெயினுக்கு எதிராகக் கியூப மக்கள் 1895 முதல் போராடி வந்தனர். ஸ்பானியத் தளபதி வலேரியானோ வெய்லர், கிளர்ச்சியாளர்களுக்கு உணவு கிடைக்காதவாறு கிராம மக்களை முகாம்களில் அடைத்தார். பசியாலும் நோயாலும் பெருந்தொகையானோர் இறந்தனர். அமெரிக்கச் செய்தித்தாள்கள் இதனைக் கடுமையாகக் கண்டித்தன. 1898 பெப்ரவரி 15 அன்று அவானா துறைமுகத்தில் 'மெய்ன்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஏப்ரலில் போர் தொடங்கியது.

கியூபாவைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவரும் எண்ணம் இல்லை என்று அமெரிக்கக் காங்கிரஸ் போருக்கு முன்னரே தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. ஆனால் அத்தீர்மானம் கியூபாவைப் பற்றி மட்டுமே பேசியது. பிலிப்பைன்ஸைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை.

1898 மே 1 அன்று மணிலா விரிகுடாவில் ஜார்ஜ் டியூயி தலைமையிலான கடற்படை ஸ்பானியக் கப்பல்களை அழித்தது. நாடுகடந்து வாழ்ந்த பிலிப்பைன்ஸ் புரட்சித் தலைவர் எமிலியோ அகினால்டோ அமெரிக்கக் கப்பலிலேயே நாடு திரும்பினார். சூன் 12 அன்று அவர் விடுதலையை அறிவித்தார். ஆகஸ்டு 13இல் மணிலா அமெரிக்கர் கைக்கு வந்தது. ஸ்பானியரும் அமெரிக்கரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்ட பெயரளவுச் சண்டை அது. பிலிப்பைன்ஸ் படையினர் நகருக்குள் நுழைய அனுமதிக்கப்படவில்லை. டிசம்பர் 10 அன்று கையெழுத்தான பாரிசு உடன்படிக்கையின்படி புவேர்ட்டோ ரிக்கோவும் குவாமும் பிலிப்பைன்ஸும் ஐக்கிய அமெரிக்காவின் வசமாயின. பிலிப்பைன்ஸுக்காக ஸ்பெயினுக்கு 2 கோடி டாலர் வழங்கப்பட்டது. அந்நாட்டு மக்களின் சார்பில் எவரும் அப்பேச்சில் கலந்துகொள்ளவில்லை.

பிலிப்பைன்ஸ் போர்

1899 சனவரியில் மலோலோசு நகரில் அரசியலமைப்புடன் கூடிய குடியரசு ஒன்று நிறுவப்பட்டது. பெப்ரவரி 4 இரவு மணிலாவின் புறநகரில் அமெரிக்கக் காவல் வீரர்களுக்கும் பிலிப்பைன்ஸ் வீரர்களுக்கும் இடையே துப்பாக்கிச் சூடு தொடங்கியது. இரண்டு நாட்களில் அமெரிக்க மேலவை 57க்கு 27 என்ற வாக்குகளில் பாரிசு உடன்படிக்கைக்கு ஒப்புதல் தந்தது. மூன்றில் இரண்டு பங்குக்குத் தேவையானதைவிட ஒரு வாக்கே மிகுதி.

களப்போரில் தோற்ற பிலிப்பைன்ஸ் படைகள் கரந்தடிப் போருக்கு மாறின. அமெரிக்கப் படையினர் ஊர்களை எரித்தனர். பிடிபட்டோரின் வாயில் நீரைத் திணித்து வயிறு உப்பச் செய்து தகவல் கேட்கும் சித்திரவதை பரவலாயிற்று. அதற்கு 'நீர் வைத்தியம்' என்று பெயர் வைத்திருந்தனர். 1901 மார்ச்சில் அகினால்டோ சூழ்ச்சியால் சிறைபிடிக்கப்பட்ட பின்னரும் போர் ஓயவில்லை.

அவ்வாண்டு செப்டம்பர் 28 அன்று சாமார் தீவின் பலங்கிகா ஊரில் மக்கள் திடீரெனத் தாக்கியதில் 48 அமெரிக்க வீரர்கள் இறந்தனர். பழிவாங்கும் படையெடுப்பில் தளபதி ஜேக்கப் சிமித், ஆயுதம் ஏந்தக்கூடிய பத்து வயதுக்கு மேற்பட்ட அனைவரையும் கொல்லுமாறு வாய்மொழியாக ஆணையிட்டார். 1902இல் இராணுவ நீதிமன்றம் அவருக்கு அளித்த தண்டனை கண்டிப்பு மட்டுமே. குடியரசுத் தலைவர் தியொடோர் ரோசவெல்ட் அவரைப் பணி ஓய்வில் அனுப்பினார். பட்டாங்காசு மாகாணத்தில் தளபதி பிராங்கிளின் பெல் மக்களைக் குறிப்பிட்ட வளையங்களுக்குள் அடைத்து, வெளியே இருந்த உணவையும் வீடுகளையும் அழிக்கச் செய்தார். கியூபாவில் வெய்லர் செய்ததற்காகப் போர் தொடுத்த நாடு, நான்கு ஆண்டுகளுக்குள் அதே முறையைக் கையாண்டது குறிப்பிடத்தக்கது. அன்றைய அமெரிக்க எதிர்ப்பாளர்களும் இதனைச் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

1902 சூலை 4 அன்று போர் முடிந்ததாக ரோசவெல்ட் அறிவித்தார். சுமார் 4,200 அமெரிக்கரும் 20,000க்கும் மேற்பட்ட பிலிப்பைன்ஸ் போராளிகளும் இறந்தனர். போரோடு வந்த பஞ்சத்தாலும் நோயாலும் 2 இலட்சம் வரையிலான பொதுமக்கள் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. இதனினும் கூடுதல் என்போரும் உளர். தெற்கே முசுலிம் மோரோ மக்கள் வாழும் பகுதிகளில் சண்டை மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1906 மார்ச்சில் ஹோலோ தீவின் புட் தாஜோ எரிமலை வாயில் தஞ்சமடைந்திருந்த பல நூறு பேர் பெண்கள், குழந்தைகள் உட்படக் கொல்லப்பட்டனர்.

சீர்திருத்தவாதிகளின் நிலைப்பாடு

இப்போரை அன்றைய சீர்திருத்தவாதிகள் எவ்வாறு நோக்கினர் என்பதற்கு இண்டியானா மாநில மேலவை உறுப்பினர் ஆல்பர்ட் பெவரிட்ஜ் சிறந்த சான்று. இவர் 1899இல் பிலிப்பைன்ஸுக்கு நேரில் சென்று வந்தவர். 1900 சனவரியில் மேலவையில் ஆற்றிய உரையில் அத்தீவுகளை என்றென்றைக்கும் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். ஆளப்படுவோரின் சம்மதத்திலிருந்தே அரசு அதிகாரம் பெறுகிறது என்று அமெரிக்க விடுதலைச் சாற்றுரை கூறுகிறதே என்று கேட்டவர்களுக்கு, அக்கொள்கை தன்னாட்சிக்குத் தகுதி உடையோருக்கே பொருந்தும் என்று அவர் மறுமொழி கூறிவந்தார். பழங்குடியினரையும் நம் பிள்ளைகளையும் அவர்களின் சம்மதம் கேட்டா ஆள்கிறோம் என்பது அவர் வாதம்.

இதே பெவரிட்ஜ் 1906இல் இறைச்சி ஆய்வுச் சட்டத்தை முன்னின்று கொண்டுவந்தார். அவ்வாண்டு இறுதியில் குழந்தைத் தொழிலைத் தடை செய்யும் தேசியச் சட்ட முன்வரைவை முன்வைத்து, ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்த சிறுவர்களின் நிலையை மேலவையில் நாட்கணக்கில் விவரித்தார். 1912இல் முற்போக்குக் கட்சியின் மாநாட்டில் தொடக்க உரை ஆற்றியவரும் இவரே.

இவரது இரு முகங்களையும் முரண்பாடு என்று எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆலைச் சிறுவன் தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாதவன், ஆகவே அரசு தலையிட வேண்டும் என்பது சீர்திருத்தத்தின் வாதம். பிலிப்பைன்ஸ் மக்கள் முழுவதுமே அத்தகைய சிறுவர்கள் என்பது ஏகாதிபத்தியத்தின் வாதம். முதல் வாதம் உண்மைச் சிறுவர்களைப் பற்றியது. இரண்டாவது, அரசியலமைப்பு எழுதி, சட்டமன்றம் கூட்டி, படை நடத்திய வளர்ந்த மனிதர்களைப் பற்றியது. இரண்டையும் ஒன்றாகத் தோன்றச் செய்தது இனவாதமே ஆகும்.

இதழ்த் துறையிலும் இதே இணைப்பைக் காணலாம். பிலிப்பைன்ஸை ஏற்குமாறு அமெரிக்காவை வலியுறுத்திய ருட்யார்ட் கிப்ளிங்கின் 'வெள்ளை மனிதனின் சுமை' என்ற கவிதை 1899 பெப்ரவரியில் அமெரிக்காவின் மெக்ளூர்ஸ் இதழில் வெளிவந்தது. 1902 முதல் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தைப் பற்றி ஐடா டார்பெல்லும், நகராட்சி ஊழல் பற்றி லிங்கன் ஸ்டெபென்சும் எழுதிய புகழ்பெற்ற தொடர்களும் அதே இதழில்தான் வெளிவந்தன.

எதிர்ப்பு

1898 நவம்பரில் பாஸ்டன் நகரில் ஏகாதிபத்திய எதிர்ப்புக் கழகம் தொடங்கப்பட்டது. எழுத்தாளர் மார்க் டுவெய்ன், மெய்யியலாளர் வில்லியம் ஜேம்ஸ், எஃகு அதிபர் ஆண்ட்ரூ கார்னகி, தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் கோம்பர்ஸ், முன்னாள் குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லாண்ட் ஆகியோர் இதனை ஆதரித்தனர். டுவெய்ன் தொடக்கத்தில் போரை ஆதரித்துப் பின்னர் மனம் மாறியவர். 1901 முதல் இறக்கும் வரை கழகத்தின் துணைத் தலைவர்களுள் ஒருவராக இருந்தார்.

எதிர்த்தோர் அனைவரும் ஒரே காரணத்துக்காக எதிர்க்கவில்லை. மலிவான கூலியாட்கள் வந்து குவிவர் என்று கோம்பர்ஸ் அஞ்சினார். கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறிப்பதில் முன்னின்ற தென் கரோலினாவின் பெஞ்சமின் டில்மன், வெள்ளையர் அல்லாத மேலும் பல இலட்சம் பேரைச் சேர்க்க வேண்டாம் என்றே எதிர்த்தார். எனவே ஏகாதிபத்திய எதிர்ப்பாளர் என்றாலே சமத்துவவாதி என்று கொள்வது பிழையாகும்.

சீர்திருத்தத்தையும் எதிர்ப்பையும் ஒருங்கே கொண்டிருந்தவர்கள் சிலர் இருந்தனர். சிக்காகோவின் தொழிலாளர் பகுதியில் ஹல் இல்லம் என்ற சமூகநல நிலையத்தை 1889இல் தொடங்கிய ஜேன் ஆடம்ஸ் அவர்களுள் ஒருவர். பல நாடுகளிலிருந்து வந்த ஏழைகளோடு நாள்தோறும் பழகியவர் அவர். தாழ்ந்தவர் எனப்பட்டோருக்கு மேலிருந்து நன்மை செய்வது வேறு, அவர்களோடு சேர்ந்து செய்வது வேறு என்பதை வலியுறுத்தினார். இவருக்கு 1931இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. போர்க்கொடுமைகளை ஆவணப்படுத்திய வழக்கறிஞர் மூர்ஃபீல்டு ஸ்டோரி, பின்னர் கறுப்பின மக்களின் உரிமைக்காக 1909இல் தொடங்கப்பட்ட தேசியச் சங்கத்தின் முதல் தலைவரானார்.

கறுப்பின வீரர்களின் நிலை தனித்துக் குறிப்பிடத்தக்கது. தாய்நாட்டில் தனிப் பெட்டியில் பயணம் செய்ய வைக்கப்பட்டவர்கள், கடல் கடந்து இன்னொரு மக்களை அடக்க அனுப்பப்பட்டனர். அவர்களுள் டேவிட் பேகன் என்பவர் 1899இல் படையை விட்டு நீங்கி பிலிப்பைன்ஸ் படையில் சேர்ந்து போரிட்டார்.

உச்ச நீதிமன்றம்

புதிய நிலங்களின் மக்கள் அமெரிக்கக் குடிமக்களா என்ற கேள்வி ஆரஞ்சுப் பழங்களின் வழியாக நீதிமன்றத்தை அடைந்தது. புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து நியூயார்க்குக்கு வந்த பழங்களுக்குச் சுங்கத் தீர்வை கேட்கப்பட்டது. உள்நாட்டுப் பொருளுக்குத் தீர்வை எப்படி என்று வணிகர் வழக்கிட்டார். 1901இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்வை செல்லும் என்றது. புவேர்ட்டோ ரிக்கோ ஐக்கிய அமெரிக்காவுக்குச் சொந்தமானது, ஆனால் அதன் பகுதி அன்று என்பதே தீர்ப்பின் சாரம். அரசியலமைப்பின் உரிமைகள் அனைத்தும் கொடியோடு தாமாகவே செல்வதில்லை என்றாயிற்று.

தீர்ப்பை அறிவித்த நீதிபதி ஹென்றி பிரவுன், 1896இல் தொடருந்துகளில் இனப் பிரிவினை செல்லும் என்று தீர்ப்பெழுதியவர். இரண்டிலும் மாறுபட்ட கருத்து எழுதியவர்களுள் நீதிபதி ஜான் ஹார்லன் ஒருவர். இத்தீர்ப்பும் இதனைத் தொடர்ந்தவையும் 'தீவு வழக்குகள்' என்று அழைக்கப்படுகின்றன. 1896 தீர்ப்பின் கொள்கையை உச்ச நீதிமன்றம் 1954இல் கைவிட்டது. தீவு வழக்குகளை இதுவரை வெளிப்படையாகக் கைவிடவில்லை.

குடியேற்ற ஆட்சியில் சீர்திருத்தம்

1901 சூலை 4 அன்று வில்லியம் ஹோவார்ட் டாப்ட் பிலிப்பைன்ஸின் முதல் குடிசார் ஆளுநராகப் பொறுப்பேற்றார். இவர் பின்னாளில் (1909-1913) குடியரசுத் தலைவராகி, ரோசவெல்ட்டைவிட மிகுதியான எண்ணிக்கையில் டிரஸ்டுகளுக்கு எதிராக வழக்குத் தொடுத்தவர். மணிலாவில் அவர் நடத்திய ஆட்சி சீர்திருத்தத்தின் ஆய்வுக்கூடம் போன்று இருந்தது. பள்ளி, சுகாதாரம், சாலை, தகுதித் தேர்வு வழிப் பணியமர்த்தம், நகரத் திட்டம் ஆகிய அனைத்தும் அங்கு விரைந்து வந்தன. அமெரிக்காவில் இவற்றை நிறைவேற்ற வாக்காளர், கட்சி, நீதிமன்றம் ஆகியவற்றைக் கடந்து செல்ல வேண்டும். மணிலாவில் ஆணைக்குழுவின் ஒரு கையொப்பமே போதும்.

1901 ஆகஸ்டில் 'தாமஸ்' என்ற கப்பலில் சுமார் 500 அமெரிக்க ஆசிரியர்கள் வந்தனர். கட்டணமில்லாத பொதுப் பள்ளிகள் ஊர்தோறும் தொடங்கப்பட்டன. எழுத்தறிவு பெருகியது. பயிற்று மொழி ஆங்கிலம். பாடங்களும் அமெரிக்காவைச் சார்ந்தவை. தம் நாட்டை ஆண்டவர்களின் கண்களாலேயே தம்மைப் பார்க்க இக்கல்வி பழக்கியது என்று வரலாற்றாளர் ரெனாட்டோ கொன்ஸ்டான்டினோ பிற்காலத்தில் விமர்சித்தார். ஆங்கிலவழிக் கல்வி பற்றிய இவ்வாதம் நம் வாசகர்களுக்கும் அந்நியமானது அன்று.

கத்தோலிக்கத் துறவியர் சபைகளிடம் இருந்த சுமார் 4 இலட்சம் ஏக்கர் நிலத்தை 1903இல் அரசு 70 இலட்சம் டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. உழுவோருக்கு நிலம் சேரும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் அதில் பெரும்பகுதி வசதி படைத்தோரிடமே சென்றது. ஸ்பானியர் காலத்து நிலக்கிழார் வகுப்பை அமெரிக்க ஆட்சி உடைக்கவில்லை. அவ்வகுப்பினரைத் துணையாக வைத்துக்கொண்டே ஆண்டது.

1902 மார்ச்சில் மணிலாவில் காலரா பரவியது. கிணறுகள் மூடப்பட்டன, நோய் கண்ட குடிசைப் பகுதிகள் கொளுத்தப்பட்டன, நோயுற்றோர் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டனர். மக்கள் நோயாளிகளை ஒளித்து வைத்தனர். ஊரை எரித்த படைவீரருக்கும் குடிசையை எரித்த சுகாதார அதிகாரிக்கும் அவர்கள் வேறுபாடு காணாததில் வியப்பில்லை. வரலாற்றாளர் ரெய்னால்டோ இலெட்டோ இந்நடவடிக்கைகளைப் போரின் தொடர்ச்சியாகவே விளக்குகிறார். கொள்ளைநோய் 1904 வரை நீடித்து ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. பின்வந்த ஆண்டுகளில் குடிநீர்க் குழாய்களும் கழிவுநீர் அமைப்பும் மணிலாவில் இறப்பைக் குறைத்தன என்பதும் உண்மையே.

பேச்சுரிமை மட்டும் சீர்திருத்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. 1901ஆம் ஆண்டு அரசத்துரோகச் சட்டம், போர் நீடிக்கும் வரை விடுதலை கோரிப் பேசுவதையும் எழுதுவதையும் குற்றமாக்கியது. 1907இல் பிலிப்பைன்ஸ் கொடியைக் காட்டுவது தடை செய்யப்பட்டது; இத்தடை 1919 வரை நீடித்தது.

1904இல் செயிண்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிலிப்பைன்ஸ் மக்கள் காட்சிப்படுத்தப்பட்டனர். ஒருபுறம் மலைவாழ் இகோரோட் மக்களின் 'கிராமம்', மறுபுறம் சீருடை அணிந்து அணிவகுத்த பிலிப்பைன்ஸ் படையினர். அமெரிக்க ஆட்சிக்கு முன், பின் என்று பார்வையாளர் படித்துக்கொள்ள வேண்டும் என்பதே ஏற்பாட்டின் நோக்கம்.

குடியேற்றத்திலிருந்து தாயகத்துக்கு

சீர்திருத்தம் அமெரிக்காவிலிருந்து தீவுகளுக்கு மட்டும் செல்லவில்லை, திரும்பியும் வந்தது. பிலிப்பைன்ஸின் ஆயர் சார்லஸ் பிரெண்ட் உறுப்பினராக இருந்த குழு, 1903-04இல் ஆசிய நாடுகள் பலவற்றில் அபினிப் பழக்கத்தை ஆராய்ந்தது. 1908இல் பிலிப்பைன்ஸில் மருத்துவத் தேவை தவிர்த்த அபினி முற்றாகத் தடை செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு ஷாங்காய் மாநாட்டுக்குப் பிரெண்ட் தலைமை தாங்கினார். 1912இல் ஹேக் உடன்படிக்கையும், 1914இல் அமெரிக்காவின் போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டமும் இவ்வழியில் வந்தவை. இன்றைய உலகப் போதைப்பொருள் தடை முறையின் வேர்களுள் ஒன்று மணிலாவில் இருக்கிறது என்பது பலரும் அறியாதது.

கட்டடக் கலைஞர் டானியல் பர்ன்ஹாம் 1904 டிசம்பரில் மணிலாவுக்கு வந்து சில வாரங்களே தங்கி, மணிலாவுக்கும் மலை நகரமான பாகியோவுக்கும் திட்டம் வரைந்தார். அவரது புகழ்பெற்ற சிக்காகோ திட்டம் 1909இல் வெளிவந்தது. பிலிப்பைன்ஸில் போர்வீரராக இருந்த ஆகஸ்ட் வோல்மர், கலிபோர்னியாவின் பெர்க்லி நகரக் காவல்துறைத் தலைவராகி அமெரிக்கக் காவல்துறையை நவீனப்படுத்தியவராக அறியப்படுகிறார். மணிலாவில் உளவுத் தகவல் திரட்டிய ரால்ஃப் வான் டெமன், 1917இல் அமெரிக்க இராணுவ உளவுப் பிரிவை நிறுவினார். அப்பிரிவு போர்க்காலத்தில் அமெரிக்கக் குடிமக்களையே கண்காணித்தது. பிறரை ஆள உருவாக்கிய கருவி தம்மீதும் திரும்பும் என்று ஏகாதிபத்திய எதிர்ப்பாளர்கள் 1899இலேயே எச்சரித்திருந்தனர்.

கரிபியன் பகுதி

கியூபாவில் முறையான இணைப்பு நிகழவில்லை. ஆனால் 1901ஆம் ஆண்டின் பிளாட் திருத்தம், தலையிடும் உரிமையையும் கடற்படைத் தளத்தையும் ஐக்கிய அமெரிக்காவுக்குத் தந்தது. குவாந்தானமோ தளம் இதன் வழி வந்தது. மஞ்சள் காய்ச்சல் கொசுவால் பரவுகிறது என்று கியூப மருத்துவர் கார்லோஸ் பின்லே 1881இலேயே கூறியிருந்தார். வால்டர் ரீட் தலைமையிலான அமெரிக்கக் குழு 1900இல் அவானாவில் அதனை மெய்ப்பித்தது. இவ்வறிவின் துணையால்தான் வில்லியம் கோர்கஸ் பனாமாவில் மஞ்சள் காய்ச்சலை ஒழித்தார். 1914இல் பனாமாக் கால்வாய் திறக்கப்பட்டது. கட்டுமானத்தில் வெள்ளையருக்குப் 'பொன் பட்டியல்', மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பினத் தொழிலாளருக்கு 'வெள்ளிப் பட்டியல்' என்று கூலியும் குடியிருப்பும் உணவகமும் பிரிக்கப்பட்டிருந்தன. அமெரிக்கக் கட்டுமானக் காலத்தில் இறந்த சுமார் 5,600 பேருள் பெரும்பாலோர் இரண்டாம் பட்டியலினர்.

1904இல் ரோசவெல்ட், இலத்தீன் அமெரிக்க நாடுகளில் 'ஒழுங்கீனம்' ஏற்பட்டால் பன்னாட்டுக் காவலராகத் தலையிடுவோம் என்று அறிவித்தார். டொமினிக்கன் குடியரசின் சுங்க வருவாய் 1905இல் அமெரிக்கக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. நிகராகுவாவில் 1912 முதலும், எயிட்டியில் 1915 முதலும் அமெரிக்கப் படைகள் தங்கின. எயிட்டிக்குப் படை அனுப்பிய உட்ரோ வில்சனே நடுவண் வங்கி அமைப்பையும் (1913) குழந்தைத் தொழில் சட்டத்தையும் (1916) கொண்டுவந்தவர்; நடுவண் அரசு அலுவலகங்களில் இனப் பிரிவினையை விரிவாக்கியதும் அவரது ஆட்சியே. எயிட்டியில் சாலை அமைக்க விவசாயிகள் கட்டாய வேலைக்கு இழுக்கப்பட்டனர். சாலை போடப்பட்டது, கிளர்ச்சியும் வந்தது.

வரலாற்றாளர் கருத்துகள்

முற்போக்காளர்கள் ஏகாதிபத்தியத்தை எதிர்த்தனர் என்ற பழைய எண்ணத்தை வில்லியம் லியூக்டன்பர்க் 1952இல் ஒரு கட்டுரையில் மறுத்தார். பெரும்பாலோர் ஆதரித்தனர் அல்லது வாய்மூடி இருந்தனர் என்பது அவர் முடிவு. 1959இல் வில்லியம் ஆப்பிள்மன் வில்லியம்ஸ், சந்தைத் தேடலே விரிவாக்கத்தின் உந்துவிசை என்றார். லியூக்டன்பர்க்கின் முடிவு மிகைப்பட்டது என்று மறுத்தோரும் உண்டு. ராபர்ட் லா ஃபாலெட் போன்றோர் தொடக்கத்தில் ஆதரித்துப் பின்னர் எதிர்ப்பாளராயினர் என்பதை அவர்கள் எடுத்துக்காட்டுவர். 2000க்குப் பின் பால் கிரேமர் இனக் கருத்தாக்கத்தையும், ஆல்பிரட் மெக்காய் காவல், கண்காணிப்பு முறைகளையும் மையமாக வைத்து பிலிப்பைன்ஸ் வரலாற்றை ஆராய்ந்துள்ளனர்.

பிந்தைய நிகழ்வுகள்

1907இல் பிலிப்பைன்ஸில் தேர்ந்தெடுக்கப்பட்ட அவை ஒன்று அமைந்தது. நிலையான ஆட்சி ஏற்பட்டதும் விடுதலை வழங்கப்படும் என்று 1916ஆம் ஆண்டின் ஜோன்ஸ் சட்டம் உறுதியளித்தது. 1934இல் அதற்கான காலக்கெடு சட்டமாக்கப்பட்டது. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் பிலிப்பைன்ஸ் சர்க்கரையையும் தொழிலாளரையும் தடுக்க விரும்பிய அமெரிக்கரின் வாக்குகள் அதற்கு உதவின. 1946 சூலை 4 அன்று பிலிப்பைன்ஸ் விடுதலை பெற்றது. 1962இல் அந்நாடு தன் விடுதலை நாளை சூலை 4இலிருந்து, அகினால்டோ 1898இல் விடுதலையை அறிவித்த சூன் 12க்கு மாற்றிக்கொண்டது.

பலங்கிகா ஊர்த் தேவாலயத்தின் மூன்று மணிகளை அமெரிக்கப் படையினர் 1901இல் போர்ப் பொருளாக எடுத்துச் சென்றிருந்தனர். பிலிப்பைன்ஸ் மக்களும் அரசும் பல பத்தாண்டுகள் கேட்டு வந்த பின்னர், 2018 டிசம்பரில் அவை அவ்வூருக்குத் திரும்பின.